ஏறுமுகமா, இறங்குமுகமா?

1, 12, 123, 1234 என்று எண்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவது ஒரு வழி. 1, 21, 321, 4321 என்று தலைகீழாக ஒட்டுவது இன்னொரு வழி. சும்மா திருப்பிப் போட்டதுதானே என்று தோன்றும். பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) தேடப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

ஏறுமுகத்தில் கடைசி இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும். 2, 4, 5, 6, 8, 0 எதில் முடிந்தாலும் அந்த எண் அவுட். 3-ஆல் வகுபடுபவற்றையும் கழித்தால் 30-க்கு 4 எண்கள்தான் மிஞ்சும். அவற்றில் ஒன்றான 1234567-ஐ நம்பிப் பார்த்தேன். 127 × 9721 என்று உடைந்துவிட்டது! 3 லட்சத்தைத் தாண்டி ஒட்டிப் பார்த்தும் இதுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

இறங்குமுகம் எப்போதும் 1-இல்தான் முடியும். அதனால் 3-இன் தொல்லை மட்டும்தான். 30-க்கு 10 எண்கள் தப்பிக்கும். 4321-ஐ 3 வகுக்காது, ஆனால் 29 × 149 ஆகிவிடுகிறது. சரி, கொஞ்சம் பொறுத்தால் 82-இலிருந்து 1 வரை ஒட்டிய 155 இலக்க எண் வருகிறது. அது பகா எண்.

வேட்டைக்கு இறங்குவதென்றால் என் ஓட்டு இறங்குமுகத்துக்கே. ஏறுமுகத்தில் முதல் பகா எண்ணைப் பிடிப்பவருக்குப் பெயர் கிடைக்கும், அது வேறு விஷயம்.