மின்ஸ் பையா, பரங்கிக்காய் பையா? முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

19-ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில், தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் விருந்து என்றால் இரண்டு பையும் (pie, மாவுக்கூட்டில் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்) மேசைக்கு வரும். ஒன்று பரங்கிக்காய், மற்றது மின்ஸ். இன்று அதே பகுதியில் மின்ஸ் பை பாட்டி காலத்துச் சமாச்சாரம். அட்லாண்டிக்கின் அக்கரையில் கதை நேர் எதிர். டிசம்பர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் அலுவலகம், தேவாலயம், பள்ளி என்று எங்கே போனாலும் ஒரு தட்டு மின்ஸ் பையை நீட்டுவார்கள். பரங்கிக்காயில் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் அங்கே இன்னும் உண்டு.

எது உசத்தி என்று கேட்டால் நான் நாக்கைக் கேட்பதற்கு முன் நாள்காட்டியைக் கேட்பேன். மின்ஸ் பை வைத்திருந்து தின்கிற பண்டம். பரங்கிக்காய் பை சுட்ட ஓரிரு நாளில் காலியாக வேண்டிய பண்டம். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்து கிளைத்ததுதான்.

ஜாடிக்குள் என்ன இருக்கிறது

மின்ஸ் பைக்குள் வைக்கும் பூரணம் மின்ஸ்மீட். உலர்திராட்சையில் இரண்டு மூன்று ரகம், துருவிய புளிப்பு ஆப்பிள், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும், பழுப்புச் சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் பிராந்தி. இவற்றோடு சூவெட். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் கெட்டிக் கொழுப்புதான் சூவெட்.

இப்போது இதில் கறி கிடையாது. ஒரு காலத்தில் கறிதான் பிரதானம். ஆங்கில எழுத்தாளர் ஜெர்வேஸ் மார்க்கம் 1615-ல் அச்சிட்ட செய்முறை ஒரு ஆட்டுத்தொடையில் தொடங்குகிறது. எலும்பிலிருந்து நல்ல சதையை எடுத்து அரைவேக்காடாக வேகவைத்து, 3 பவுண்டு ஆட்டுக் கொழுப்போடு பொடிப்பொடியாக நறுக்கி, உப்பு, கிராம்பு, ஜாதிபத்திரி போட்டு, திராட்சை, உலர்ந்த பிளம், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்க்கச் சொல்கிறார். கறியில் பேரீச்சம்பழமா என்று கேட்கத் தோன்றும். பிரியாணியில் திராட்சை போடுகிற ஊர்க்காரர்கள் கேட்கக் கூடாது. 1747-ல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலை எழுதும்போது கறி ‘வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்’ என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. 1861-ல் மிஸஸ் பீட்டன் தன் இல்லப் பராமரிப்பு நூலில் இரண்டு விதமாகவும் கொடுக்கிறார், கறி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. கடைசியில் கறி போய்விட்டது, கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் உண்டு. வெண்ணெயைவிட சூவெட் உருக அதிகச் சூடு வேண்டும். குளிர்ந்த ஜாடியில் அது வெள்ளை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அவனில் (oven) வைத்ததும் புள்ளிகள் மறைந்து, திராட்சை ஒவ்வொன்றின் மேலும் பளபளவென்று ஒரு பூச்சு ஏறும். கையில் பிட்டால் பூரணம் சிந்தாமல், அதே சமயம் இறுகாமலும் இருப்பது இதனால்தான். ஜாடியில் அடைப்பதற்கு முன்பே சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக் கொழுப்பை உருக்கிக் கிளறிவிடுபவர்களும் உண்டு. நல்ல பழக்கம். ஆப்பிள் துருவலைக் கொழுப்பு மூடிவிடுவதால் சாறு கசிந்து நொதிக்காது.

ஊறுகாய் போட்டுப் பழகிய கைக்கு மின்ஸ்மீட் புதிதல்ல. போட்ட அன்று பட்டை தனியாக, பிராந்தி தனியாக, எலுமிச்சை தனியாக நிற்கும். இரண்டு வாரம் போனால் எது எதுவென்று பிரிக்க முடியாது. சுத்தமான ஜாடியில், இருட்டில், ஆறு மாதம் வரை தாராளமாக இருக்கும்.

17-ஆம் நூற்றாண்டில் மன்னரை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் மின்ஸ் பையைத் தடை செய்தார், அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது என்று ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். நம்ப வேண்டாம். 1647-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ரத்து செய்தது உண்மை. 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் அந்த உத்தரவெல்லாம் செல்லாக்காசாயிற்று. நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸிலும் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். அதிலும் பையைப் பற்றிப் பேச்சே இல்லை.

டப்பாவும் லேபிளும்

பரங்கிக்காய் பைக்கும் ஒரு கட்டுக்கதை உண்டு, 1621-ல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்திலேயே அது இருந்தது என்று. பரங்கிக்காய் இருந்திருக்கலாம். ஆனால் மேல்மாவு பிசைய வேண்டிய வெண்ணெயும் கோதுமை மாவும் புதிதாகக் குடியேறிய அந்தக் கூட்டத்திடம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் அது கண்ணில் படுவது 1796-ல், அமீலியா சிம்மன்ஸ் ஹார்ட்ஃபர்டில் வெளியிட்ட சமையல் நூலில். ஒரு செய்முறையில் க்ரீமும் 9 முட்டையும், இன்னொன்றில் பாலும் மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கரும்பாகு) 4 முட்டையும். வசதியுள்ள வீட்டுக்கு ஒன்று, இல்லாத வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை தேங்க்ஸ்கிவிங்கை நாடு தழுவிய விடுமுறையாக்க ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1863-ல் அதிபர் லிங்கன் அறிவித்தார். நியூ இங்கிலாந்தின் வீட்டு விருந்து தேசத்தின் விருந்தானது, அதன் பரங்கிக்காய் பையும் கூடவே ஊர் ஊராகப் போயிற்று. (தெற்கே கறுப்பின மக்களின் வீடுகளில் அந்த இடம் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பைக்குத்தான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

மிச்ச வேலையை டப்பா பார்த்துக்கொண்டது. லிபிஸ் நிறுவனம் 1950 முதல் தன் பரங்கிக்காய் விழுது டப்பாவின் லேபிளிலேயே செய்முறையை அச்சிட்டு வருகிறது. அந்த விழுது இலினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊரில் தயாராகிறது. 2009-ல் அங்கே மழை விடாமல் பெய்து வயலில் காய் அழுகியதும் நாடு முழுக்க டப்பாவுக்குத் தட்டுப்பாடு. ஒரு பண்டிகை ஒரு ஊரின் மழையை நம்பி இருப்பது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தமிழ்ச் சமையலறைக்கு இதில் ஒரு நல்ல செய்தி. டப்பாவுக்குள் இருப்பது ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ஆரஞ்சுக் காய் அல்ல. அது நீர்த்தும் நார்நாராகவும் இருக்கும். இது வெளிர்பழுப்புத் தோல் கொண்ட டிக்கின்சன் ரகம், தாவரவியல் பெயர் குக்குர்பிட்டா மாஸ்கேட்டா. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காயும் பெரும்பாலும் அதே இனம்தான். டப்பா தேடி அலைய வேண்டாம். நன்றாக முற்றிய, உள்ளே செக்கச்செவேல் என்றிருக்கும் கீற்றாகக் கேட்டு வாங்குங்கள். வேகவைக்காதீர்கள், அவனில் சுட்டு மசியுங்கள். அப்படியும் ஈரமாக இருந்தால் வாணலியில் கொஞ்சம் வறட்டுங்கள். கரண்டியால் எடுத்துக் கவிழ்த்தால் ‘தொப்’பென்று விழ வேண்டும், வழியக் கூடாது.

மின்ஸ்மீட்டுக்கும் டப்பா வந்ததே, பிறகேன் அமெரிக்காவில் தோற்றது? 1885-லேயே சிரக்யூஸ் நகரில் மெரல்-சோல் நிறுவனம் அதை உலர்த்தி, நன் சச் என்ற பெயரில் அட்டைப்பெட்டியில் விற்கத் தொடங்கிவிட்டது. ஆக, வசதிக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. என் கணிப்பு வேறு. இங்கிலாந்தில் மின்ஸ் பை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது, கறியை உதறியது, தேநீரோடு நின்றபடியே இரண்டு வாயில் தின்னும் பண்டமாயிற்று. அமெரிக்காவில் அது பெரிய தட்டுப் பையாகவே, பல வீடுகளில் கறியோடும், வெகுகாலம் நின்றது. வான்கோழியை ஒரு பிடி பிடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கொழுப்பும் கறியும் நிறைந்த ஒரு துண்டை நீட்டினால் எப்படி இறங்கும்? மின்ஸ் பை தின்றால் கெட்ட கனவு வரும் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் கேலி செய்ததில் ஆச்சரியமில்லை.

எது எளிது?

பரங்கிக்காய் பை, பார்வைக்கு மட்டும். லேபிள் செய்முறையில் பொருள் சொற்பம்: ஒரு டப்பா விழுது, 2 முட்டை, முக்கால் கப் சர்க்கரை, பட்டை, இஞ்சி, கிராம்புப் பொடி, உப்பு, ஒரு டப்பா எவாப்பரேட்டட் மில்க். அதாவது இனிப்பில்லாத சுண்டிய பால். மில்க்மெய்டை ஊற்றிவிடாதீர்கள். கிடைக்காவிட்டால் 850 மில்லி பாலை 350 மில்லியாகச் சுண்டக் காய்ச்சலாம், கெட்டித் தேங்காய்ப்பாலும் நன்றாகவே வரும். முதல் 15 நிமிடம் 220 டிகிரி, பிறகு 175-க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். அவ்வளவுதான்.

சிக்கல் கடைசிப் பத்து நிமிடத்தில். இது முட்டையால் உறையும் கஸ்டர்ட். ஓரம் இறுகி, நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், மிச்சம் தன் சூட்டிலேயே உறையும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் ஆறும்போது குறுக்கே வெடிக்கும், விளிம்பில் தண்ணீர் விடும். அடிமாவு ஊறிப்போவது அடுத்த தலைவலி. பூரணம் ஊற்றும் முன் வெறும் மாவை, மேலே காகிதம் விரித்துக் கொண்டைக்கடலையைக் கொட்டி, பாதி சுட்டுக்கொண்டால் அதிலிருந்து தப்பலாம்.

மின்ஸ் பையில் இந்தப் பதற்றம் இல்லை. வேலையெல்லாம் வாரக்கணக்குக்கு முன்பே ஜாடியில் முடிந்துவிட்டது. மைதா இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு என்று மாவு பிசைந்து, குழித்தட்டில் வைத்து, பூரணம் ஒரு கரண்டி, மேலே நட்சத்திர மூடி. ஐந்து நிமிடம் கூடக் குறைய ஆனாலும் ஒன்றும் கெடாது. ஆனால் பூரணத்தை அள்ளி வைத்தால் பாகு பொங்கித் தட்டில் ஒட்டி, பை பிய்த்துக்கொண்டுதான் வரும்.

ருசியில் என் ஓட்டு மின்ஸ் பைக்கு. பரங்கிக்காய் தனக்கென்று பெரிதாக எதுவும் சொல்லாத காய், மசாலாதான் பேசுகிறது. ஸ்டார்பக்ஸ் 2003-ல் பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே கொண்டுவந்தபோது அதில் பரங்கிக்காயே இல்லை, 2015-ல்தான் சேர்த்தார்கள். அதுவரை யாருக்கும் குறையாகப் படவில்லை. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் என் ஓட்டு செல்லாது. பிராந்தி வாசமும் தோலின் கசப்பும் அவர்களுக்குப் பிடிக்காது, பரங்கிக்காய் பை மிஞ்சவும் மிஞ்சாது.

இலங்கைக்காரர்கள் இந்தச் சண்டைக்கே வர மாட்டார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் ரிச் கேக்கில் பொடியாக நறுக்கிய உலர்திராட்சையும் பிராந்தியும் உண்டு, சிங்களத்தில் புகுல் தோசி எனப்படும் நீற்றுப்பூசணி இனிப்பும் உண்டு. பரங்கி இல்லைதான், பங்காளி என்று சொல்லலாம்.

இங்கிலாந்தில் கடையில் வாங்குபவர்கள் லேபிளைப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். சில ஜாடிகளில் மாட்டுக் கொழுப்பு, பலவற்றில் பாமாயிலில் செய்த வெஜிடபிள் சூவெட். சைவம் பார்ப்பவர்களும் மாட்டுப் பொருள் தவிர்ப்பவர்களும் இரண்டாவதைத் தேடுங்கள், பிராந்தி இருக்கிறதா என்றும் அதே பட்டியலில் தெரிந்துவிடும். வீட்டில் போட்டால் உறையவைத்த வெண்ணெயைத் துருவிப் போடலாம். சூவெட்டின் பளபளப்பு கொஞ்சம் குறையும், அந்த ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

சுட்ட பரங்கிக்காய் பை ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும், ஆனால் இரண்டாம் நாளே அடிமாவு தளர ஆரம்பித்துவிடும். மின்ஸ் பையைச் சுடாமலேயே தட்டோடு உறையவைக்கலாம். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது எடுத்து 200 டிகிரி அவனில் தள்ளினால், பேச்சு சூடுபிடிக்கும் முன், 25 நிமிடத்தில் தயார்.