திருகோணமலையில் ஈழத்து விமர்சனத்தைத் தேடி

ஊருக்குப் போனால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி என்று நாட்கள் ஓடிவிடும். இம்முறை ஒரு காலைப்பொழுதை நகரில் உள்ள ஒரு நூலகத்துக்கென்றே ஒதுக்கினேன். ஈழத்து எழுத்து இந்த மண்ணையும் மக்களையும் பேச வேண்டும் என்று நம் முற்போக்கு எழுத்தாளர்கள் முன்வைத்த ‘தேசிய இலக்கியம்’ என்ற கோரிக்கையையும் அதையொட்டி எழுந்த விமர்சனங்களையும் வாசிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஈழத்து இலக்கியத்துக்கென்று தனித் தட்டு உண்டா என்று கேட்டேன். “அப்படித் தனித் தட்டு கிடையாது அக்கா. மொழிப்படிதான் அடுக்கியிருக்கிறோம்” என்றார் உசாத்துணைப் பகுதியில் இருந்த இளைஞர். நூல்களை எண்ணிட்டு அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் டூயி தசமப் பகுப்பு இலக்கியத்தை நாட்டை வைத்துப் பிரிப்பதில்லை. தமிழ் 894.811, சிங்களம் 891.48, இலங்கையர் ஆங்கிலத்தில் எழுதியவை 820களில். நம் நாட்டு இலக்கியம் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்க, தமிழ்த் தட்டில் தமிழ்நாட்டு நாவல்களும் நம்முடையவையும் கலந்து நிற்கின்றன. விமர்சனத்துக்கு 894.81109 என்று எண்ணைச் சொல்லி, கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் நூல்கள், சில்லையூர் செல்வராசனின் ‘ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி’ எல்லாம் அங்கே இருந்தன. அந்த இளைஞரின் பொறுமை பெரிது.

வாசிக்க வாசிக்க மனம் திருகோணமலையிலேயே நின்றுவிட்டது. ஈழத்தின் தொடக்ககால நாவல்களில் இரண்டு இந்த ஊர்க்காரர்கள் எழுதியவை: இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891), தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895). பின்னவர் சென்னையில் நூலகராகப் பணியாற்றியவர். முதலாவது ஐரோப்பியக் கதை. இரண்டாவது நாயக்கர் காலத் தமிழ்நாட்டில் நடப்பது. மண்வாசனையை அளவுகோலாகக் கொண்டால் இவை தேசிய இலக்கியத்தில் சேருமா? சேரும் என்பேன். கதை எங்கே நடந்தால் என்ன, தமிழில் நாவல் என்ற வடிவமே புதிதாக இருந்த நாளில் துணிந்து எழுதிய கைகள் இந்த மண்ணுடையவை.

ஆனால் அவற்றைப் பற்றிய நூல்கள் இருந்தும், நாவல் தட்டில் அந்த இரு நாவல்களும் இல்லை. எழுதியவர்களின் சொந்த ஊரிலேயே இல்லையே என்று நெஞ்சு கனத்தது.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இரவல் கிடைப்பது கடினம். உசாத்துணைப் பகுதியில் இருந்தே வாசிக்கலாம். அடையாள ஆவணத்தைக் கொண்டுபோங்கள். பழைய விமர்சன நூல்களை, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் முன்கூட்டியே தேடிப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே கிடைக்கும் நேரத்தை மற்றவற்றுக்குச் செலவிடலாம்.

புறப்படும்போது நூல் வேண்டுகோள் பதிவேட்டில் இரு நாவல்களின் பெயரையும் எழுதினேன். பலர் கேட்டால் கொள்வனவின்போது கவனிப்பார்களாம். போகிறவர்கள் நீங்களும் எழுதுங்கள்.