பதில் சொல்வதா, பேசாமல் இருப்பதா?

யாராவது சீண்டினால் வாயை மூடிக்கொள்வதுதான் இச்சையடக்கம், அதாவது தன்னைக் கட்டுப்படுத்துவது, என்று சபையில் பலரும் நினைக்கிறோம், ஆனால் இயேசு இரண்டையும் செய்தார். கலிலேயாவை ஆண்ட ஏரோது கேள்வி மேல் கேள்வி கேட்டும் அவர் வாயே திறக்கவில்லை (லூக்கா 23:9). அவனுக்கு வேண்டியிருந்தது பதிலா என்ன, ஏதாவது அற்புதம் பார்க்கும் வேடிக்கைதானே. விசாரணையில் சேவகன் ஒருவன் அறைந்தபோதோ, நான் பேசியது தப்பென்றால் எது தப்பு என்று காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார் (யோவான் 18:23). திட்டவில்லை. (இதே மாதிரி ஓர் அடிக்கு அப்போஸ்தலன் பவுல் 'வெள்ளையடிக்கப்பட்ட சுவரே' என்று சீறிவிட்டு அப்புறம் இறங்கிவந்தார்!)

வாட்ஸ்அப் குழுவில் வம்புக்கென்றே ஒருவர் எதையாவது போட்டால் ஏரோதுக்குக் கிடைத்த மௌனமே போதும். வீட்டில் மனைவி நியாயமாகக் கேட்கும்போது அதையே செய்தால் எரிகிற கோபம் இன்னும் ஏறும், அங்கே நான் சாந்தமான பதிலைத்தான் தேர்ந்தெடுப்பேன், மூன்று வார்த்தையாக இருந்தாலும் சரி.