காந்தத்தை வெட்டித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகளிடம் கவனம்

நியோடிமியம் காந்தத்தை அளவுக்கு வெட்டக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் யாராவது பட்டறை தேடிக்கொண்டிருந்தால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெயரைப் போடப் போவதில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சின்னதாக ஒரு காற்றாலை ஜெனரேட்டர் செய்துகொண்டிருக்கிறேன். அதன் சுழலும் தட்டான ரோட்டரில் 40 மி.மீ. நீளக் காந்தம் உட்கார வேண்டும். சந்தையில் கிடைத்தது 50 மி.மீ. இது உடையும், சூடு படக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். "இதுவும் இரும்புதான் சார், நாங்க பார்க்காததா?" என்றார் பட்டறைக்காரர். துண்டுக்கு 150 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே.

எடையில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு என்பது உண்மைதான். ஆனால் இது உருக்கி வார்த்த இரும்பு இல்லை. பொடியை அழுத்தி, உலையில் சுட்டுக் கெட்டியாக்கியது. வளையாது, நசுங்காது, வைஸில் இறுக்கினால் பீங்கான் தட்டு மாதிரி விரிசல் விடும். தண்ணீரோ கூலன்டோ (சூட்டைத் தணிக்கும் திரவம்) தாராளமாக ஓடவிட்டு டைமண்ட் வீலில் மெதுவாக அறுக்க வேண்டும். அவர்கள் செய்தது என்ன? வைஸில் பிடித்து, சாதாரணக் கட்டிங் வீல் போட்ட கிரைண்டரால் காய்ந்தபடியே வெட்டியிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது அங்கே வேலை செய்யும் தம்பி, அதுவும் முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில். அவன் கன்னத்தில் சில்லு கிழித்த காயம் இருந்தது. கண்ணாடி கொடுக்கவில்லையாம். கனத்தின் வாக்கில் (மேல்முகம் ஒரு துருவம், அடிமுகம் மறு துருவம்) காந்தமேற்றிய கட்டையைக் குறுக்கே அறுத்தால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று தள்ளும். கொஞ்சம் விட்டால் புரண்டு மோதி ஒட்டிக்கொள்ளும். அந்த மோதலிலேயே சில்லு தெறிக்கும்.

அதைவிட மோசம் தூள். இந்தத் தூள் காய்ந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். அவர்கள் குப்பைத் தொட்டியில் காட்டன் வேஸ்டோடு சேர்ந்து எரிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் இன்னும் சீறியதாம். எரியும் உலோகத் தூளுக்குக் காய்ந்த மணல்தான், தண்ணீர் கூடாது. பக்கத்தில் தின்னர் டின் எதுவும் இல்லாதது அந்தப் பையனின் நல்ல நேரம்.

நான் வாங்கும்போது எல்லாம் பளபளவென்று இருந்தன. அதுதான் ஏமாற்று வேலை. உடைந்தவற்றை உடனடிப் பசையால் ஒட்டி, மேலே சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் பக்கம் ஒட்டிய துண்டுகள் விலகத்தான் பார்க்கும். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்திருந்தபோதே ஒன்று பிளந்துகொண்டது. சுழலும் ரோட்டரில் பிளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் இரும்புத் தகட்டில் ஒட்டவைத்து ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தேன். நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இழுவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் குறைய வேண்டும். சிலவற்றில் பாதிகூட இல்லை. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். 310-ஐத் தாண்டினால் காந்தத் தன்மை முழுதாகப் போய்விடும். காய்ந்த வீலில் வெட்டும் இடம் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும்.

பெயின்டைச் சுரண்டினால் வெட்டு முகத்தில் பூச்சே இல்லை. தொழிற்சாலையில் முடியைவிட மெல்லிசாக நிக்கல், செம்பு, நிக்கல் என்று பூசித் தருவது துருவுக்காகத்தான். எங்கள் ஊர் உப்புக் காற்றில் பூச்சில்லாத காந்தம் பொடிப்பொடியாக உதிரும்.

போய்க் கேட்டதற்கு, "உங்க காந்தமே டூப்ளிகேட்" என்று பதில். பாதிப் பணம் தருவதாகச் சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை. வெட்டாத காந்தங்களை மட்டும் அன்றே திருப்பி வாங்கிவிட்டேன்.

உங்களுக்கு அளவு மாற்றியே ஆக வேண்டுமென்றால், காந்தமேற்றாத கட்டையை வெட்டி, பூச்சுப் பூசி, கடைசியில் காந்தமேற்றித் தரும் விற்பனையாளரிடம் அளவு சொல்லி ஆர்டர் கொடுங்கள். உள்ளூர்ப் பட்டறையில்தான் என்றால் டைமண்ட் வீலும் கூலன்டும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "இருக்கு சார்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நான் காந்தத்தை விட்டுவிட்டு ரோட்டர் தட்டையே 50 மி.மீ.க்குத் தகுந்தபடி லேசரில் புதிதாக வெட்டக் கொடுத்திருக்கிறேன். செலவும் அதில்தான் குறைவு.