ஆங்கில வாக்கிய உறுப்புகள்: எழுத்துக் குறியா, கோட்டுப்படமா, கட்டமா?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாக்கியத்தின் உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. எஸ் (சப்ஜெக்ட்), வி (வெர்ப்), ஓ (ஆப்ஜெக்ட்), சி (காம்ப்ளிமெண்ட்), ஏ (எப்போது, எங்கே என்று சொல்லும் பகுதி) என்று குறி போடலாம். அமெரிக்கப் பாணியில் கோட்டுப்படம் வரையலாம். பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்த சப்ஸ்டிட்யூஷன் டேபிளை, அதாவது ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வரும் சொற்களை அடுக்கிய கட்டத்தை, கரும்பலகையில் போடலாம். சிறு வாக்கியங்களைக் கொடுத்து இணைக்கச் சொல்லலாம். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு இவை ஒன்றல்ல. அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

எல்லா முறைக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்துப் பார்ப்போம்: 'மை அங்கிள் பாட் எ ரெட் சைக்கிள் எஸ்டர்டே.'

எழுத்துக் குறி

நம் ஊரில் அதிகம் புழங்குவது இதுதான். 'மை அங்கிள்' எஸ், 'பாட்' வி, 'எ ரெட் சைக்கிள்' ஓ, 'எஸ்டர்டே' ஏ. சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மேலே ஓர் எழுத்து ஏறுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வெர்ப் நடுவில் வரும், ஆப்ஜெக்ட் அதற்குப் பின்னால் வரும் என்பது கண்ணில் படுகிறது. தமிழில் வினை கடைசியில் நிற்பதால், நம் பிள்ளைக்கு இந்த வரிசைதான் முதல் பாடம். அந்த வகையில் இது நல்ல முறை.

சிக்கல் சி-யில் தொடங்குகிறது. 'ஹி மெட் எ டாக்டர்', 'ஹி பிகேம் எ டாக்டர்' இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. ஒன்றில் டாக்டர் ஆப்ஜெக்ட், மற்றதில் காம்ப்ளிமெண்ட், அதாவது அவன் என்ன ஆனான் என்று சொல்லும் சொல். ஆங்கிலத்துக்குள்ளேயே நின்று இதை விளக்கப் போனால் பிள்ளை குழம்பும். தமிழ் வகுப்பில் படித்த இரண்டாம் வேற்றுமையை அழைத்து வந்தால் ஒரு நிமிட வேலை. 'டாக்டரைச் சந்தித்தான்' சரி, 'டாக்டரை ஆனான்' வராது. 'ஐ' ஒட்டினால் ஓ, ஒட்டாவிட்டால் சி. 'மாம்பழம் சாப்பிட்டான்' என்பதில் உருபு மறைந்திருக்கிறதே என்று கேட்கலாம். ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 'மாம்பழத்தை' என்று தாராளமாக ஒட்டும். எல்லா வெர்புக்கும் இது பொருந்தாது, ஆனால் ஆறாம் வகுப்பில் வரும் பெரும்பாலான வாக்கியங்களுக்குப் போதும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஏ-யிலும் ஒரு கோளாறு உண்டு. நம் வாக்கியத்தில் 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'ஷி புட் தி புக் ஆன் தி டேபிள்' என்பதில் 'ஆன் தி டேபிள்' போனால் வாக்கியம் விழுந்துவிடும். மொழியியலாளர் ராண்டால்ஃப் குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் அடிப்படை அமைப்புகள் ஏழு, அவற்றில் வரும் ஏ எல்லாம் இல்லாமல் முடியாத ஏ. பள்ளியிலோ இரண்டுக்கும் ஒரே எழுத்து. பிள்ளை குறி போட்டு மதிப்பெண் வாங்கிவிடும். எதை விட்டால் வாக்கியம் உடையும் என்பது மட்டும் தெரியாமலே போகும்.

கோட்டுப்படம்

1847இல் ஸ்டீபன் கிளார்க் என்ற அமெரிக்கர் சொற்களை முட்டை வடிவக் கூடுகளுக்குள் அடைத்து வாக்கியத்தைப் படமாக்கினார். 1877இல் அலான்சோ ரீடும் பிரெய்னர்ட் கெல்லாகும் கூடுகளைக் கோடுகளாக மாற்றினார்கள். அந்த ரீட்-கெல்லாக் முறை பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகளின் நோட்டுகளில் இருந்தது. படுக்கையாக ஒரு கோடு. சப்ஜெக்டுக்கும் வெர்புக்கும் நடுவே அதைக் குறுக்கே வெட்டும் ஒரு செங்குத்துக் கோடு. வெர்புக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவே அடிக்கோட்டைத் தாண்டாத ஒரு சிறு கோடு. மற்றவை எல்லாம் கீழே சாய்கோடுகளில் தொங்கும்.

நம் வாக்கியத்தில் 'அங்கிள்', 'பாட்', 'சைக்கிள்' மூன்றும் மேலே. 'மை' அங்கிளுக்குக் கீழே, 'எ'வும் 'ரெட்'டும் சைக்கிளுக்குக் கீழே, 'எஸ்டர்டே' 'பாட்' என்ற வெர்புக்குக் கீழே. பார்க்க அழகாக இருக்கிறது. எது எதைச் சார்ந்தது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி' என்பதில் 'மேங்கோஸ்' பக்கத்தில் இருப்பதைப் பார்த்து 'ஆர்' போடும் பிள்ளைக்குப் படம் வரைந்து காட்டுங்கள். 'ஆஃப் மேங்கோஸ்' கீழே இறங்கிவிடும், மேலே 'பாக்ஸ் இஸ் ஹெவி' மட்டும் நிற்கும்.

ஆனால் இந்த முறை சொல் வரிசையை அழித்துவிடுகிறது. 'யூ ஆர் ஹங்ரி', 'ஆர் யூ ஹங்ரி' இரண்டுக்கும் கோடுகள் ஒரே இடத்தில்தான் விழும். அமெரிக்கப் பிள்ளைக்கு அது பொருட்டில்லை, வரிசை காதிலேயே ஏறியிருக்கிறது. நம் பிள்ளைக்குத் தெரியாத ஒன்றே அதுதான். தெரியாததை மறைத்துவிட்டு மீதியைக் காட்டும் படத்தை ஆறாம் வகுப்பில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டம்

பழைய சப்ஸ்டிட்யூஷன் டேபிளைப் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். எனக்கு அதன்மேல் இன்னும் மரியாதை உண்டு. முதல் கட்டத்தில் 'மை அங்கிள்', 'தி டீச்சர்', 'ஷி'. இரண்டாவதில் 'பாட்', 'சோல்ட்', 'லாஸ்ட்' (தொலைத்தார்). மூன்றாவதில் 'எ ரெட் சைக்கிள்', 'டூ புக்ஸ்'. நான்காவதில் 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்'. மூன்று பெருக்கல் மூன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு: 36 வாக்கியங்கள், ஒன்றுகூடப் பிழையில்லை. சாக்பீஸ் போதும். பிள்ளை குறி போடுவதற்குப் பதிலாக வாக்கியத்தைச் செய்கிறது. கட்டங்களே உறுப்புகள், பெயரைப் பிறகு மேலே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி வையுங்கள்: யார், என்ன செய்தார், எதை, எப்போது. அப்புறம் கட்டத்துக்குள் புதுச் சொற்களைப் பிள்ளைகளே நிரப்பட்டும். அங்கேதான் கிளிப்பிள்ளை வேலை நின்று யோசனை தொடங்குகிறது.

தமிழ்ப் பிள்ளை தவறும் இடங்களும் இதில்தான் வெளிப்படையாகத் தெரியும். 'அவர் ஆசிரியர்' என்பது பெயர்ப் பயனிலை, வினையே வேண்டாம். அதனால் 'ஹி டீச்சர்' என்று எழுதுகிறது. 'வந்தேன்' என்பதில் எழுவாய் தோன்றாமல் நிற்கிறது. அதனால் 'கேம் எஸ்டர்டே' என்று தொடங்குகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் ஆளுக்கு நான்காம் வேற்றுமை. அதனால் 'மீ ஹங்ரி'. கட்டம் போட்டால் முதல் அறை அல்லது இரண்டாம் அறை காலியாக இருப்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

நாள் முழுக்க இதையே ஓட்டினால் சலித்துவிடும் என்பது உண்மை. இந்த மாதிரி அமைப்புப் பயிற்சிகளுக்கு மறுப்பாகத்தான் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் வேறொரு திட்டத்தை நடத்தினார். இலக்கணத்தைத் தனியே எடுக்காமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடுவதுபோல் வேலை கொடுத்தார். கவனம் பொருளில் இருந்தால் இலக்கணம் உள்ளே படியும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அதை நடத்த, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஆசிரியர் வேண்டும்.

இணைத்தல்

'மை அங்கிள் பாட் எ சைக்கிள். இட் வாஸ் ரெட்.' இரண்டையும் ஒன்றாக்கு. இவ்வளவுதான் பயிற்சி. ஆதாரம் பலமாக இருப்பதும் இதற்குத்தான். அமெரிக்காவில் 1963இல் வந்த பிராடாக் குழுவின் ஆய்வறிக்கை, இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவது எழுத்தை மேம்படுத்துவதில்லை, எழுதும் நேரத்தைத் தின்பதால் கெடுக்கவும் செய்யலாம் என்றது. 2007இல் கிரஹாமும் பெரினும் 4 முதல் 12 வரையிலான வகுப்புகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இணைத்தல் பயிற்சியின் விளைவு (எழுதும் திறன் எவ்வளவு கூடியது என்று காட்டும் எண்) 0.50 என்றும், இலக்கணப் பாடத்தின் விளைவு எதிர்மறையாகவும் வந்தது. அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். இணைக்க முதலில் வாக்கியம் கையில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் நம் பிள்ளையிடம் அது இல்லை.

ஆக, ஆறாம் வகுப்பு முழுக்கக் கட்டமும் கேள்வியும். ஏழில் வாரம் ஒரு பீரியட் இணைத்தல். எட்டில் கட்டங்களின் தலைப்பில் எஸ், வி, ஓ, சி, ஏ ஏறட்டும், தேர்வுக்கும் அது வேண்டியிருக்கிறது. கோட்டுப்படத்தை எட்டாம் வகுப்பில் நீளமான சப்ஜெக்ட் வரும் வாக்கியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நேரம் போதவில்லை என்றால் முதலில் அதை விடுங்கள். இணைத்தலை விட்டுவிடாதீர்கள்.