ஆர்லிங்டன் கவுண்டியில் கார் இல்லாமல்: சைக்கிள், நடை, பஸ், மெட்ரோ எப்படி இருக்கின்றன?

வாஷிங்டனுக்கு நேர் எதிரே, போட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டி. மொத்தம் 26 சதுர மைல்தான். கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடிகிற அமெரிக்கப் புறநகர்கள் சொற்பம். அதில் இதற்கு முன்வரிசையில் இடம் தருவேன். ஆனால் நாள்பட புழங்கினால் ஒன்று பிடிபடும். பாதைகள் அருமை, ஒரு பாதை இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல்.

மெட்ரோ பாதையை ஐ-66 நெடுஞ்சாலையின் நடுவிலேயே போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். கவுண்டி அதற்கு ஒத்துக்கொள்ளாமல், கடைத்தெருவான வில்சன் பொலிவார்டை ஒட்டிச் சுரங்கமாகக் கொண்டுபோக வைத்தது. 1979 டிசம்பரில் பால்ஸ்டன் வரை ரயில் ஓடத் தொடங்கியது. ராஸ்லின், கோர்ட் ஹவுஸ், கிளாரண்டன், வர்ஜீனியா ஸ்கொயர், பால்ஸ்டன் என்று ஏறக்குறைய மூன்று மைலுக்குள் ஐந்து நிலையங்கள். நிலையத்தை ஒட்டி உயரமான கட்டடங்கள், தள்ளிப் போகப் போக உயரம் குறைந்து தனிவீடுகள். மளிகை, மருந்துக்கடை, அலுவலகம் எல்லாம் நடக்கும் தூரத்தில். இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே கவுண்டியில் நெடுஞ்சாலை நடுவில் இருக்கும் ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கார் இரைச்சல். வெளியே வந்தால் பார்க்கிங்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற 2019 ஜனவரி முதல் நேரக் கட்டுப்பாடு இல்லை. எஸ்கலேட்டரில் கொண்டுபோகக் கூடாது, லிஃப்ட்தான். பெட்டியின் நடுக்கதவைத் தவிர்த்து முனைக்கதவில் ஏறுங்கள். லிஃப்ட் பழுதானால் திட்டமே கவிழ்ந்துவிடும் என்பதால், கிளம்பும் முன் அதன் நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சைக்கிளுக்கு இரண்டு முக்கியத் தடங்கள். டபிள்யூ அண்ட் ஓடி தடம் பழைய ரயில் பாதை என்பதால் ஏற்றம் மெல்லத்தான் வரும். ஷெர்லிங்டனிலிருந்து பர்செல்வில் வரை 45 மைல். நெடுஞ்சாலையோடு ஒட்டிப் போகும் கஸ்டிஸ் தடம் நேர்மாறு: செங்குத்தான ஏற்ற இறக்கம், எதிரே வருபவர் தெரியாத வளைவுகள். இரவில் முன்விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

கஸ்டிஸ் தடம் இறங்கி முடியும் இடம் ராஸ்லினில் லின் தெருவும் லாங்ஸ்டன் பொலிவார்டும் சந்திக்கும் முனை. உள்ளூர் சைக்கிள்காரர்கள் நெடுங்காலமாக அஞ்சிய இடம். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் கார்கள், ஆற்றைத் தாண்டி வாஷிங்டனுக்குப் போகும் கீ பாலத்துக்கு வலது பக்கம் திரும்பும். அதே நேரத்தில் நடப்பவர்களுக்கும் சிக்னல் கிடைத்ததுதான் காரணம். இதற்கு வழக்கமான மருந்து, நடப்பவர்களுக்கு 3 முதல் 7 வினாடி முன்கூட்டியே சிக்னல் தருவது. கார் நகர்வதற்குள் ஆள் சாலைக்குள் வந்துவிடுவார், ஓட்டுநர் கண்ணில் படுவார். நடப்பவருக்கு இது பலன் தருகிறது. சைக்கிளுக்கு அவ்வளவாக இல்லை. பாதி சிக்னலில் சரிவில் வேகமாக வருபவரை, ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கிய ஓட்டுநர் மறுபடி பார்ப்பதில்லை. இந்த மாதிரி முனையில் கார் திரும்பும் நேரத்தையும் கடக்கும் நேரத்தையும் முழுவதும் பிரித்துவிடுவதுதான் தீர்வு. அதற்காகக் கார்கள் கொஞ்சம் அதிகம் காத்திருந்தால் தவறில்லை.

ஆர்லிங்டனால் மற்ற இடங்களைவிட வேகமாகச் சாலையை மாற்ற முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளின் உள்ளூர்ச் சாலைகள் மாநிலத்தின் கையில். ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் மட்டும் தாங்களே பராமரிக்கின்றன. ஆகவே தார் போடும்போதே கோடுகளையும் மாற்றிப் போட்டுவிடலாம். 40 அடித் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 8 அடி பார்க்கிங், நடுவே 12 அடியில் இரண்டு கார் தடங்கள். ஒரு பக்கப் பார்க்கிங்கை எடுத்துவிட்டுக் கார் தடங்களை 10 அடியாக்கினால், இரு திசையிலும் 5 அடி சைக்கிள் தடம் வந்து, 2 அடி மிச்சமும் இருக்கும். அந்த 2 அடியைப் பார்க்கிங் பக்கம் இடைவெளியாக விட வேண்டும். கார் கதவு திடீரென்று திறக்கும் பக்கம் அதுதான். கோரிக்கை வைப்பதானால் அந்த ஆண்டு தார் போடும் பட்டியல் வெளிவந்ததுமே வையுங்கள், கோடு போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. கிளீப் ரோடு மாதிரி மாநிலச் சாலைகளில் இந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் கம்பம் நட்டுக் கார்களிலிருந்து பிரித்த சைக்கிள் தடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பனி வாரும் வண்டி இடித்தால் போச்சு. கம்பம் விழுந்த இடைவெளியில் டெலிவரி வேன் வந்து நிற்கும். கான்கிரீட் தடுப்பு செலவு பிடித்தாலும் நிலைக்கும்.

பஸ் ஸ்டாப்பில் அழகைவிட அளவு முக்கியம். கொலம்பியா பைக் என்ற சாலையில் 2013-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஒரு ஸ்டாப் கட்டினார்கள். கண்ணாடிக் கூரை மேல்நோக்கிச் சாய்ந்திருந்ததால் மழைக்கு ஒதுங்க முடியவில்லை என்ற குறை உடனே எழுந்தது. தேவை இதுதான்: சக்கர நாற்காலி இறங்க, சாலையோரக் கல்லிலிருந்து உள்ளே 8 அடி, அகலம் 5 அடி சமதளம், தாழ்ந்த கூரை, பெஞ்ச், பக்கத்திலேயே கடக்கும் இடம்.

2010 செப்டம்பரில் தொடங்கிய கேபிடல் பைக்ஷேர் என்ற வாடகைச் சைக்கிள் சேவை இறக்கத்துக்கு ஏற்றது. காலையில் எல்லோரும் ராஸ்லின் பக்கம் இறங்குவதால் மேட்டில் இருக்கும் சைக்கிள் நிலையங்கள் காலியாகும், கீழே நிறுத்த இடம் கிடைக்காது. மின்சார சைக்கிள்கள் வந்த பிறகு திரும்பி ஏறுவது சுலபமாகியிருக்கிறது.

பனிக்காலத்தில் முக்கியத் தடங்களைக் கவுண்டி வாருகிறது. அது பெரிய விஷயம். ஆனால் சாலையை வாரும் வண்டி ஒதுக்கித் தள்ளும் பனி, நடைபாதை சரிந்து சாலையைத் தொடும் முனையிலேயே குவிந்து இறுகிவிடும். தடம் சுத்தமாக இருந்தும் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ அந்த மூன்றடியைத் தாண்ட முடியாது. புகார் செய்யும்போது தெருப்பெயர் மட்டும் போதாது. எந்தச் சந்திப்பு, அதில் வடகிழக்கா தென்மேற்கா எந்த மூலை என்று எழுதி, ஒரு படமும் இணையுங்கள்.