அரசுப் பள்ளி முடித்த பிறகு: 7.5 சதவீதமா, மாதம் ஆயிரமா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப அதிமுகவும் திமுகவும் ஆளுக்கொரு வழி பிடித்தன.

அதிமுக ஆட்சி 2020இல் கொண்டுவந்தது மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5இல் நிறுத்தியது. மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் ஆளுநர் இழுத்தடித்ததால் அரசாணையே போட வேண்டியிருந்தது. விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த மாணவர்கள் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். ஆனால் நீட் எழுதித் தேறியவருக்குத்தான் இந்தக் கதவு திறக்கும். கோச்சிங்குக்கு வழியில்லாத ஊர்ப் பிள்ளைக்கு அதுவே பெரிய மதில்.

திமுகவின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவியைத்தான் இப்படி மாற்றினார்கள். கல்யாணத்துக்கு வைத்த பணம் படிப்புக்குப் போனது, எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல்தான் வந்தது.

முதலாவது சிலரின் வாழ்க்கையை அடியோடு மாற்றுகிறது. இரண்டாவது பலருக்குப் பஸ், புத்தகச் செலவைத் தாங்குகிறது. ஒன்றைத்தான் எடு என்றால், சரி, நான் இரண்டாவதையே எடுப்பேன். ஆனால் திமுகவே 2021இல் 7.5ஐப் பொறியியல், சட்டம், வேளாண்மைக்கும் நீட்டித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.